ஏழு படியும் பத்து டசின் போத்தலும்

குணலட்சுமியின் சீதன வீடு 1927ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலிருந்து, போத்தல் ஒன்றுக்கு இரண்டு விரற்கடை வீதம் நிலத்துக்குள் இறங்கத் தொடங்கியது. மருதனார்மடம் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற வீடு அது. அவளுடைய தகப்பன் ஏரம்பர் புகையிலை வியாபாரி. பக்கத்து வளவுக்காரன் ஐந்து படி வைத்து வீடு கட்டினான் என்பதற்காகவே அவர் ஏழு படி வைத்துக் கட்டினார். உள்ளே காற்று வராது, அடுப்படிப் புகை வெளியே போகாது. ஆனால் விறாந்தையில் நிற்பவரைத் தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் குறைவில்லாமல் நிறைவேறியிருந்தது. சாகக் கிடந்த நேரத்தில் ஏரம்பர் மகளைக் கிட்டக் கூப்பிட்டார். சிவபுராணம் படிக்கச் சொல்லப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். "பிள்ளை, படியைக் கவனமாய்ப் பார்" என்றார் அவர். "உன்ரை மகளுக்குக் குடுக்கேக்கையும் ஏழாய்த்தான் குடுக்க வேணும்." குணலட்சுமி ஓம் என்றாள். செத்துக்கொண்டிருக்கிற மனிதனிடம் சொன்ன ஓம் என்றபடியால் அதை அவளால் பிறகு மாற்ற முடியவில்லை.

அவளுடைய கணவர் தியாகலிங்கம் மலாயா றெயில்வேயில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்துவிட்டு, பென்சனும் ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு புத்தகமும் கொண்டு ஊர் திரும்பியவர். புத்தகம் அவருடைய துரை சீமைக்குப் போகிறபோது கழித்துவிட்டுப் போனது. கறையான் தின்ற புத்தகத்தைக் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் துரை கொடுத்ததைத் தியாகலிங்கம் ஒரு பட்டமாக வாங்கிக்கொண்டார். ஒரு கனவானின் வீட்டில், நில மட்டத்துக்குக் கீழே, இருளும் குளிர்ச்சியுமான ஓர் அறையில், எந்த நாட்டு வைன், எந்த ஆண்டுப் போத்தல், எந்த வரிசையில் படுத்துக் கிடக்க வேண்டும் என்று அந்தப் புத்தகம் விவரமாகச் சொன்னது. தேர்ந்தெடுத்த பத்து டசின். ஒன்று கூடினால் பகட்டு, ஒன்று குறைந்தால் வறுமை. போத்தலைத் திறப்பது எப்போது, ஊற்றுவது எப்படி, குடிப்பது யார் என்பதெல்லாம் கடைசி அதிகாரத்தில் இருந்தன. அந்த அதிகாரத்தைத்தான் கறையான் தின்றிருந்தது. தியாகலிங்கத்துக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மூன்று நேரமும் திருநீறு பூசி, வெள்ளிக்கிழமைகளில் ஒருபொழுது இருந்து, முட்டை கிடந்த கடகத்தைக்கூடக் கையால் தொடாத சைவர் அவர். வைன் அவருக்குக் குடிக்கிற சாமான் அல்ல, வைத்திருக்கிற சாமான்.

நிலவறை தோண்ட இரண்டு பேரைப் பிடித்தார். இரண்டு முழம் செம்மண் போனபின் சுண்ணாம்புக் கல் வந்தது, அலவாங்குக் கம்பி நெளிந்தது. கிணறு வெட்டுகிற மாதிரி வெடி வைத்தால்தான் போகலாம் என்றார்கள். என் அப்பு கட்டின வீட்டுக்குள் வெடி வைக்கிறதென்றால் முதலில் என் தலையில் வையுங்கள் என்று குணலட்சுமி குறுக்கே நின்றாள். ஆகவே கொழும்பு வியாபாரி ஒருவர் அனுப்பிய முதல் டசின், சுன்னாகம் ஸ்டேசனில் இறங்கி, வைக்கோல் மெத்தையில் மாட்டுவண்டி ஏறி வந்து, வீட்டின் நடு அறையில், ஏரம்பர் புகையிலையை அடுக்கிப் பாடம் போட்ட இடத்தில் படுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் முற்றம் கூட்டப்போன குணலட்சுமி மூன்று படிகளைக் காணவில்லை. களவு போயிருக்குமோ என்று முதலில் வேலியைப் பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தபோது, மண் நான்காம் படியின் விளிம்பில் வந்து நின்றது, எப்போதும் அங்கேயே நின்றதுபோல.

ஊர் விதானையார் கயிறு கொண்டுவந்து அளந்து, தன் புத்தகத்தில் ஒரு மாட்டுக் களவுக்கும் ஒரு வேலிச் சண்டைக்கும் நடுவில், இன்னாருடைய வீடு இவ்வளவு தாழ்ந்தது, முறைப்பாடு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். சாராயத் தவறணையை வாக்குப் போட்டு மூடிய ஊர் அது. மதுவிலக்குச் சங்கத்தார் சும்மா இருப்பார்களா? ஆறு பேர் சால்வை போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு போத்தலின் அரக்கு முத்திரையையும் தடவிப் பார்த்து, உடைபடாத போத்தலில் இருப்பது மது ஆகாது என்று தீர்மானம் நிறைவேற்றி, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வந்து முத்திரை பார்த்தார்கள். மோர் நல்ல மோர். தியாகலிங்கம் அவர்களுக்குப் புத்தகத்திலிருந்து சுவைகளைத் தமிழாக்கிச் சொல்லுவார்: இந்தப் போர்தோவில் நனைந்த தோலின் வாசம் வரும், அந்தப் பேர்கண்டியில் நாலு நாள் தொங்கவிட்ட காட்டுப் பறவையின் மணம் இருக்கும், இதில் பழைய சுருட்டுப் பெட்டி. தோலுக்கும் பறவைக்கும் காதைப் பொத்திக்கொண்ட சங்கத்தார், சுருட்டுப் பெட்டிக்கு மட்டும் அது எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறதே என்று ஆறுதல் அடைந்தார்கள்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஆறு போத்தல் கொண்ட ஒரு பெட்டி, சில வருடம் இரண்டு. வீடு சொற்கேட்கிற வீடாக இருந்தது. போத்தல் வந்த அன்று மாலைக்குள் உரிய அளவு இறங்கிவிடும். ஓடு அசையாது, சுவர் வெடிக்காது, அடுப்பில் கிடந்த கஞ்சி தளும்பாது. கல்லே வழிவிட்டது. 1930இல் ஏழாம் படியும் போய், வாசல் முற்றத்தோடு சமமானது. அதற்குப் பிறகு மேசன் வந்து கீழே இறங்குவதற்குப் படி வெட்டத் தொடங்கினான். தியாகலிங்கம் இதைத் தாழ்வாக எடுக்கவில்லை. ஐரோப்பாவில் பிரபுக்கள் ஆள் வைத்துத் தோண்டுகிற நிலவறையை, இங்கே வீடே மரியாதை தெரிந்து தானாக அமைத்துக்கொள்கிறது என்பது அவருடைய கருத்து. கீழே போகப் போகக் குளிர்ச்சி கூடியது. போத்தல்களுக்கு அது நல்லது. மனுசருக்குத்தான் சளி பிடித்தது.

ஊருக்கு ஒரு சிக்கல் வந்தது. ஏரம்பர் வீட்டுப் படியில் ஏறக்கூடாதவர்கள் யார் யார் என்று ஊரில் எழுதாத பட்டியல் ஒன்று இருந்தது, எல்லாருக்கும் மனப்பாடம். இறங்கக்கூடாதவர்கள் பட்டியலை ஒருவரும் தயாரித்திருக்கவில்லை. ஆகவே, முன்பு படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டவர்கள் எல்லாம் இப்போது வளவுக்குள் வந்து, விளிம்பில் நின்று, கீழே எட்டிப் பார்த்து, "ஐயா இருக்கிறாரோ?" என்று கேட்டார்கள். ஐயா கழுத்தை நிமிர்த்தி அண்ணாந்து, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1934இல் அரசாங்கக் கச்சேரியிலிருந்து றோட்டுப் பார்க்க வந்த ஒரு துரையும் அப்படித்தான் எட்டிப் பார்த்தார். கறுப்புக் கோட்டோடு கீழே காத்து நின்ற தியாகலிங்கத்தைப் பார்த்து, இந்தக் குளம் எப்போது வெட்டியது, எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று விசாரித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். தியாகலிங்கம் அன்றைய தேதியைப் போட்டு, துரை அவர்கள் நமது நீர்வளத்தில் அக்கறை காட்டினார் என்று எழுதி வைத்தார். அந்தத் துரைக்காக ஒரு போத்தலையாவது திறந்திருக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, பத்து டசின் நிறையவேண்டும், நிறைந்தபின் தகுந்த விருந்தாளி வரவேண்டும், துரை சின்னத் துரைதான் என்றார்.

குணலட்சுமி போத்தல்களை ஒருநாளும் தொட்டதில்லை. குடிவகையில் கை பட்டால் தலை முழுக வேண்டும். அவளுடைய கவலை மகளைப் பற்றியது. பாலேஸ்வரிக்கு 1937இல் பதினெட்டு வயது. சாதகம் பொருந்தி, நெல்லியடியிலிருந்து முத்துக்குமாரு என்பவர் தன் மகனுக்காக வீடு பார்க்க வந்தார். மகன் தபால் கந்தோரில் உத்தியோகம். முத்துக்குமாரு பதினொரு படி கீழே இறங்கி, விறாந்தையில் இருந்து, பயற்றம் பணியாரம் இரண்டு சாப்பிட்டு, கூரை வளையைத் தட்டிப் பார்த்து, தேக்கு என்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் பதினொரு படி ஏறி மேலே போய் மூச்சு வாங்கினார். பிறகு மேலே நின்றபடி சொன்னார்: "வீடு நல்ல வீடு, பிள்ளையும் நல்ல பிள்ளை. ஆனால் இறங்கிப் போய்ப் பொம்பிளை எடுக்கிற வழக்கம் எங்களிலை இல்லைப் பாருங்கோ." மற்றவர்கள் அந்த அளவுக்கும் வரவில்லை, படலையில் நின்று ஓட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தன் தகப்பனுக்குச் சொன்ன ஓம் குணலட்சுமியின் நெஞ்சில் முள்ளுப்போல் நின்றது. "அம்மா, உதை விடுங்கோ" என்றாள் பாலேஸ்வரி ஒருநாள், தேங்காய் துருவிக்கொண்டு. "எனக்கு வாற மாப்பிள்ளை கிணத்துத் துலாக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு இறங்கி வரட்டும்."

உலகச் சண்டை தொடங்கிய வருடம் கூரையின் தாழ்வாரம் நில மட்டத்துக்கு வந்தது. அடுத்த வளவு ஆடுகள் ஓட்டில் ஏறிப் படுத்தன. அடுப்படி யன்னல், சுவரை ஒட்டிய கிணற்றுக்குள் திறந்தது. இதில் ஒரு வசதியும் இருந்தது: துலா மிதிக்காமல், யன்னலால் கையை நீட்டி உலைக்குத் தண்ணீர் அள்ளலாம். ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத வசதி. ஆனால் ஒவ்வொரு மாரிக்கும் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது, ஒவ்வொரு போத்தலுக்கும் யன்னல் கீழே போனது. குணலட்சுமி ஓர் ஓலை ஈர்க்கை முறித்து, தண்ணீருக்கும் யன்னல் கட்டைக்கும் உள்ள இடைவெளியை அளந்தாள். நூற்றுப்பத்தொன்பது போத்தல் வந்தபின், 1941ஆம் ஆண்டு மாரியில், தண்ணீர் ஏறக்கூடிய உச்சத்துக்கு ஏறி நின்றபோது, ஈர்க்கு ஒன்றரை விரற்கடை காட்டியது. இன்னும் ஒரு போத்தல் வந்தால் இரண்டு விரற்கடை. கணக்கு அவ்வளவுதான். ஏரம்பருடைய வீடு கிணறாகிவிடும், மகளுக்குக் கொடுக்கத் தண்ணீர்தான் மிஞ்சும். கணவரிடம் சொன்னாள். ஈரம் நல்லது, தக்கை காயாது என்று புத்தகம் சொல்கிறது என்றார்.

அந்தக் கடைசிப் போத்தல் ஏறிய கப்பலைக் கடலில் தாழ்த்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. தியாகலிங்கம் மூன்று நாள் சவரம் செய்யவில்லை. குணலட்சுமி கோயிலுக்குப் போய், கப்பலோடு போன மனிதர்களுக்காக ஒரு விளக்கும், வராத போத்தலுக்காக ஒரு விளக்கும் கொளுத்தினாள். இரண்டாவது விளக்கு ஏன் என்று ஐயர் கேட்கவில்லை.

ஒரு வருடம் நிம்மதியாகப் போனது. 1942 கார்த்திகையில், தண்ணீர் பழையபடி உச்சத்துக்கு வந்து நின்ற வேளையில், கொழும்பு வியாபாரியின் கடிதம் வந்தது. ஒரு ஹொட்டேலின் கிடங்கில் அதே வைன், அதே ஆண்டு, ஒரேயொரு போத்தல் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை றெயிலில் அனுப்புகிறேன். தியாகலிங்கம் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன் காலையில் மருதனார்மடத்துச் சந்தையில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. குருநகரிலிருந்து வந்த கிறகோரி என்ற கத்தோலிக்கக் கோயில் மூப்பர் ஒருவர், முந்திரிகைப்பழ வைன், அதாவது திராட்சை வைன், எங்கேயாவது கிடைக்குமா என்று கத்தரிக்காய்க்காரரிடம் விசாரித்துக்கொண்டு நின்றார். சண்டையால் பூசைக்கு வைன் வரவில்லை. சுவாமியார், கண்ணுக்கு மருந்து விடுகிறமாதிரித் துளி துளியாக விட்டுப் பூசை வைக்கிறார். கிறிஸ்மசுக்குத் துளியும் இல்லை. கள்ளு ஆகாது, சாராயம் ஆகாது, சுத்தமான முந்திரிகைச் சாறுதான் ஆகும். சந்தைக்காரர் பகிடிக்காக, ஆடு படுத்திருக்கிற ஓட்டு வீட்டைக் காட்டி, அங்கே பத்து டசின் இருக்கிறது, ஆனால் அது பாக்கிறதுக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூப்பர் வளவு விளிம்புக்கு வந்தபோது குணலட்சுமி மேலே கொடியில் சீலை காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அவர் வந்த காரியத்தை அவரே சொன்னார். அவள் கையிலிருந்த சீலையைக் கொடியில் போட மறந்து தோளில் போட்டுக்கொண்டாள். ஏற்றினதால் இறங்கின வீடு, இறக்கினால் ஏறத்தானே வேண்டும் என்று அவள் பதினைந்து வருடமாக நினைத்து வந்தவள். செய்துபார்க்கத்தான் வழி கிடைக்கவில்லை. போத்தல் கேட்டு முன்பும் பலர் வந்திருக்கிறார்கள். மருந்துக்கென்று கேட்டவரும் உண்டு, அழுது கேட்டவரும் உண்டு. எல்லாரும் வெறுங்கையோடு போனார்கள். தன் மனிதனை அவளுக்குத் தெரியும்.

"மூப்பர், அவரிட்டை இரந்து கேளாதையும்" என்றாள் தாழ்ந்த குரலில். "எங்களிட்டை இல்லை, முடிஞ்சுபோச்சு எண்டு அழாதையும். உந்த வைனை ஆர் குடிக்கிறது, அதை மட்டும் சொல்லும்."

மூப்பர் இருபத்துமூன்று படி இறங்கினார். தியாகலிங்கம் வெள்ளிக்கிழமைக்காகப் போத்தல்களைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பாராமலே, கொடுப்பதற்கில்லை, தகுந்த விருந்தாளிக்காக வைத்திருக்கிறது என்றார். மூப்பர் அவசரப்படவில்லை. தங்களுடைய சுவாமியார் பீடத்தில் இதை உயர்த்திப் பிடிக்கிறபோது ஆண்டவரே அதில் எழுந்தருளுகிறார் என்றார். தியாகலிங்கத்தின் கை பஞ்சோடு நின்றது.

"உங்கடை ஆண்டவர் கச்சேரி ஏசண்டுத் துரைக்கு மேலையோ?"

"ஓம் ஐயா."

"கவர்னருக்கு?"

"இங்கிலாந்து இராசாவே அவருக்கு முன்னாலை முழந்தாளிலைதான், ஐயா."

தியாகலிங்கம் கதிரையில் இருந்து யோசித்தார். சைவர் என்ற முறையில் அவருக்கு வேறொரு ஆண்டவர் இருந்தார். ஆனால் அவர் பாலும் இளநீரும் பஞ்சாமிர்தமும் ஏற்பவர், வைன் விசயத்தில் சிரத்தை காட்டியதில்லை. கிண்ணம் என்ன கிண்ணம் என்று கேட்டார். உள்ளே பொன் பூசியது என்றார் மூப்பர். புத்தகம் கண்ணாடி என்றுதான் சொல்கிறது. இருந்தாலும் பொன்னைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கறையான் தின்ற கடைசி அதிகாரத்தில் இதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று அவருக்குத் திடீரென்று பட்டது. பத்து டசின் நிறையவில்லையே என்ற ஒரு கவலை மிஞ்சியது. அதற்குக் குணலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்று, "இஞ்சாருங்கோ, வாற விருந்தாளி வாசலிலை நிக்கேக்கை, கறி இன்னும் ஒண்டு குறையுதெண்டு திருப்பி விடுறதோ?" என்றாள். அது கனவானுக்கு அழகில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆறு போத்தல்களைத் தானே தெரிவு செய்து, தவசு காலத்துக்கு மெல்லிய வெள்ளை றைன் வைன், பாஸ்காத் திருநாளுக்கு 1911ஆம் ஆண்டுப் பேர்கண்டி என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் அட்டை கட்டிக் கொடுத்தார்.

குணலட்சுமி அடுப்படியில் போய், ஈர்க்கை யன்னல் கட்டையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூப்பரின் வண்டில் படலை தாண்டுகிற சத்தம் கேட்டது. மாட்டுச் சலங்கை சந்திப் பக்கம் திரும்பியது. ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஈர்க்கை எடுத்துத் திரும்ப நிறுத்தினாள். பிறகு, கிணற்றுத் தண்ணீர் மெல்ல, மரியாதையாக, தன் கண்ணுக்கு முன்னாலேயே கீழே போவதைக் கண்டாள். போனது தண்ணீரல்ல, வந்தது வீடு. பன்னிரண்டு விரற்கடை. ஓட்டில் படுத்திருந்த ஆடொன்று எழும்பி, சுற்றிப் பார்த்து, திரும்பப் படுத்தது. குணலட்சுமி அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்து, ஈர்க்கை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்தாள். உலை கொதித்து வழிந்தது, அவள் எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமைப் போத்தல் வந்தது. வீடு இரண்டு விரற்கடை இறங்கியது, ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு பாசையூர், நாவாந்துறை, இளவாலை என்று மற்றக் கோயில் மூப்பர்மாரும் வண்டில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வீடு ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. மேசன் வெட்டிய படிகள் ஒவ்வொன்றாக வேலையில்லாமல் போயின. மதுவிலக்குச் சங்கத்தார், போனது குடிக்கு அல்ல பூசைக்கு என்று ஒரு தீர்மானம் எழுதி, மோரையும் குடித்துத் தீர்த்தார்கள். தியாகலிங்கம் கிறகோரி மூப்பரைக் காணும்போதெல்லாம், ஆண்டவருக்குப் பிடித்ததோ என்று விசாரித்தார். "குறை ஒண்டும் சொல்லேல்லை, ஐயா" என்றார் மூப்பர், பொய் சொல்லாமல். வீடு வெயிலில் நின்ற காலத்தில் வந்த முதல் டசின், தியாகலிங்கத்தின் பெருமைக்குரிய 1899ஆம் ஆண்டுப் போர்தோ, முழுதும் புளித்து வினாகிரியாகியிருந்ததையும், மூப்பரின் மனைவி லூர்த்தம்மா அதில் ஒரு வருடத்துக்கு வெங்காய அச்சாறு போட்டதையும் அவர் குணலட்சுமிக்கு மட்டும் சொன்னார். நல்ல அச்சாறு என்று கேள்வி. அவள் கணவருக்குச் சொல்லவில்லை. மனிதர் பதினைந்து வருடத்தில் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றிவிட்டு வெறும் மேலோடு விறாந்தையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார், அதைக் குழப்புவானேன்?

1944 வைகாசியில் ஒரு போத்தல் மட்டும் மிஞ்சியது. ஹொட்டேல் கிடங்கிலிருந்து வந்த அந்தக் கடைசிப் போத்தல். அதை மட்டும் விடும் என்று தியாகலிங்கம் மனைவியிடம் கேட்டார். அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் விட்டாள். ஏழு படியும் வெளியே நின்றன. அடிப்படி மட்டும் இரண்டு விரற்கடை குள்ளம்.

நெல்லியடி முத்துக்குமாரு திரும்பி வந்தார். ஏழு வருடத்தில் அவருடைய மகனுக்கு வேறு ஒன்றும் பொருந்தியிருக்கவில்லை. தபால் கந்தோரில் இருந்தபடியே முன் தலை வழுக்கையாகியிருந்தது. பாலேஸ்வரி யன்னலால் பார்த்துவிட்டு, கயிறு தேவைப்படாத ஆள்தான் என்று தாயிடம் சொன்னாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சீதன உறுதிப்பத்திரம் எழுத நொத்தாரிசு விறாந்தையில் மேசை போட்டு இருந்தார். வடக்கு இன்னார் காணி, கிழக்கு ஒழுங்கை என்று எல்லை வாசித்தார். பிறகு குரல் மாறாமல் வாசித்தார்: "மேற்படி வீடானது, உள்ளே வைக்கப்படும் வைன் போத்தல் ஒன்றுக்கு இரண்டு விரற்கடை வீதம் தாழவும், வெளியேற்றப்படும்போது அவ்விதமே உயரவும் இயல்புடையது. இன்றைய தேதியில் ஒரு போத்தல் உள்ளது. அது தியாகலிங்கத்தின் சீவிய காலம் வரைக்கும் அங்கே இருக்கும்."

குணலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முத்துக்குமாரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். படியை ஒருமுறை பார்த்தார். உதட்டை அசைத்து எண்ணினார்.

"அது சரி" என்றார். "கிணறு பங்குக் கிணறோ, தனிக் கிணறோ?"

பதினேழு வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சைக் குணலட்சுமி அப்போதுதான் விட்டாள். "தனிக் கிணறு" என்றாள். "நல்ல தண்ணி. யன்னலாலை அள்ளிப் பாத்தனான்."

முத்துக்குமாரு தலையாட்டி, பேனையை வாங்கினார்.